பத்து பிபிஎம்

போன மாதம் ஒன்பது நாள் ஒரே ஒரு ரியாக்‌ஷனோடு மல்லுக்கட்டினேன். ரியாக்‌ஷன் என்னவோ ஒரு ராத்திரியில் முடிந்துவிட்டது. மீதி எட்டு நாளும் அதைக் கழுவி எடுக்கத்தான் போயிற்று. கல்யாணம் ஒரு நாள், பாத்திரம் கழுவுவது ஒரு வாரம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் கதைதான்.

நான் பெங்களூரு ஜிகணி பக்கம் ஒரு ஒப்பந்த ஆராய்ச்சி லேபில் வேலை பார்க்கிறேன். வெளியே இருக்கும் மருந்துக் கம்பெனிகள் ஒரு மூலக்கூறின் படத்தை அனுப்புவார்கள். அதைச் செய்து பாட்டிலில் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. இந்தத் தடவை கேட்டது 15 கிராம். முழு அமைப்பைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு பக்கம் அமினோபிரிடின், இன்னொரு பக்கம் மெத்தாக்சி ஃபீனைல், இரண்டையும் சுசுகி கப்ளிங் போட்டுச் சேர்க்க வேண்டும் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

சுசுகியும் மியாவுராவும் 1979-இல் வெளியிட்ட வேலை இது. 2010-இல் ஹெக், நெகிஷி இருவரோடு சுசுகிக்கும் நோபல் கிடைத்தது. புரோமின் ஒட்டிய ஒரு துண்டு, போரான் ஒட்டிய ஒரு துண்டு, நடுவில் தரகராகப் பல்லேடியம். இரண்டு பக்கத்தையும் பிடித்து இணைத்துவிட்டு அது விலகிக்கொள்ளும் என்று புத்தகத்தில் வட்டமாக ஒரு படம் போட்டிருக்கும். விலகின பல்லேடியம் எங்கே போகிறது என்பதற்கு அந்தப் படத்தில் அம்புக்குறி கிடையாது. அது நம் தலையில்தான் வந்து விழும்.

வாடிக்கையாளர் அனுப்பிய தாளில் கடைசி வரி: பல்லேடியம் 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே. இந்தப் பத்து சும்மா வந்த எண் இல்லை. மருந்தில் இருக்கக்கூடிய உலோகங்களுக்கு ஐ.சி.எச். என்ற சர்வதேச மருந்துத் தர அமைப்பின் க்யூ3டி என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் வரைதான் பல்லேடியம் போகலாம் என்கிறது அது. ஒருவர் நாளுக்கு 10 கிராம் மருந்து சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 10 மைக்ரோகிராம். அதுதான் 10 பிபிஎம். ஊசி மருந்து என்றால் இதில் பத்தில் ஒரு பங்கு. செம்புக்கு அதே வழிகாட்டி 3,000 மைக்ரோகிராம் வரை இடம் கொடுக்கிறது. செம்பில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஒரு வாரம் முழுக்கப் பொறாமையாக இருந்தது.

சரி, தப்பு எங்கே ஆரம்பித்தது? பாட்டிலில்.

வினையூக்கியாக, அதாவது கேட்டலிஸ்டாக, நாங்கள் போட்டது டெட்ராகிஸ் பல்லேடியம். நல்ல நிலையில் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆரஞ்சு, பழுப்பு, பச்சை கலந்த பழுப்பு என்று கெட்டுக்கொண்டே போகும். கூட வேலை பார்க்கும் தம்பி அன்று எடுத்த பாட்டில், ஃபிரிட்ஜுக்கு வெளியே அலமாரியில் யாரோ விட்டுவிட்டுப் போனது. உள்ளே இருந்தது கொத்தமல்லித் தூள் மாதிரி இருந்ததாம். "கொஞ்சம் டார்க்கா இருந்துச்சு அக்கா, ஆனா லேபிள் அதுதான்" என்று மறுநாள் சொன்னான். அவனைத் திட்டி என்ன செய்ய, நானும் எட்டிப் பார்க்கவில்லை.

25 கிராம் புரோமைடு, அதாவது 0.1 மோல். அதற்கு மோல் கணக்கில் மூன்று சதவீதம், 3.5 கிராம் டெட்ராகிஸ். டயாக்சேன், தண்ணீர், பொட்டாசியம் கார்பனேட், 90 டிகிரி. சாயங்காலம் ஆறு மணிக்கு டி.எல்.சி. (பொருள்களைத் தட்டில் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பார்த்தால் புரோமைடு பாதி அப்படியே கிடக்கிறது. ரியாக்‌ஷன் நின்றுவிட்டால் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஃபிரிட்ஜிலிருந்து புது பாட்டிலை எடுத்து இன்னும் இரண்டு சதவீதம், 2.3 கிராம், உள்ளே தட்டினோம். காலையில் புரோமைடு சுத்தமாகக் காலி. தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு அந்த நேரத்தில் கணக்குப் போடத் தோன்றியிருக்க வேண்டும். இப்போது போடுகிறேன். டெட்ராகிஸில் பல்லேடியம் எடையில் ஒன்பது சதவீதம் சொச்சம்தான், மற்றதெல்லாம் டிரைஃபினைல்பாஸ்பீன். ஒரு பல்லேடியத்துக்கு நான்கு பாஸ்பீன். நாங்கள் போட்ட 5.8 கிராமில் பல்லேடியம் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பாஸ்பீன் முழுதும் ஆக்சைடாக மாறினால் அது மட்டும் ஐந்தரை கிராம். முழு ஈல்டு வந்தாலும் பொருள் 27.7 கிராம்தான். அதாவது பொருளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குப்பையை நானே அளந்து போட்டிருக்கிறேன். பல்லேடியம் அத்தனையும் பொருளோடு ஒட்டிக்கொண்டால் 19,000 பிபிஎம். அங்கிருந்து பத்துக்கு இறங்க வேண்டும்.

முதல் நாள் வொர்க்கப் (கலவையிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை) பெரிய அவமானம். ஆறவைத்த கலவையை அப்படியே பெரிய செபரேட்டரி ஃபனலில் (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் புனல்) ஊற்றி, எத்தில் அசிடேட்டும் தண்ணீரும் சேர்த்துக் குலுக்கினேன். கடைந்த மோர் மாதிரி ஆகிவிட்டது. மேலே காப்பி நிறம், கீழே கலங்கல், நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புத் திட்டுத் திட்டாக ஒரு படலம். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அசையவில்லை. உப்புத்தண்ணீர் ஊற்றினேன், அரை விரல் இறங்கியது.

இரண்டு தப்பு. ஒன்று, டயாக்சேன் தண்ணீரோடும் கலக்கும், எத்தில் அசிடேட்டோடும் கலக்கும். இரண்டு பக்கமும் பேசுகிற ஆள் நடுவில் இருந்தால் யாரும் பிரிய மாட்டார்கள். அதை முதலில் ரோட்டாவேப்பில் ஆவியாக்கி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, அந்தக் கறுப்புப் படலம். பல்லேடியம் பொடிப்பொடியாக விழுந்து, இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துளிகள் ஒன்று சேரவிடாமல் அதுதான் தடுக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கரையாது, ஏனென்றால் அது திடப்பொருள். வடிகட்டத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் கொட்டி, செலைட்டில் (வடிகட்டப் பயன்படும் நுண்ணிய மண்பொடி) ஒரு திண்டு போட்டு உறிஞ்சினேன். இரண்டு விரல் உயரம், முதலில் கரைப்பானால் நனைத்து அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விழுந்து கறுப்பு அதன் வழியே ஓடும். மேலே கரிச்சட்டி அடி மாதிரி ஒரு அடுக்கு நின்றது. வடிந்ததை ஃபனலில் ஊற்றினேன், ஐந்தே நிமிடத்தில் கோடு கிழித்த மாதிரி பிரிந்தது. அரைநாள் காத்திருந்ததை நினைத்தால் வயிற்றெரிச்சல். டயாக்சேனை எடுத்துவிட்டு, மறுபடி எத்தில் அசிடேட்டில் கரைத்து, மீந்துபோன போரானிக் அமிலம் போக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு தடவை, உப்புத்தண்ணீரில் ஒரு தடவை.

கையில் மிஞ்சியது முதல் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கரைசல். செலைட் பிடிப்பது கறுப்பாக விழுந்த பல்லேடியத்தை மட்டும். கரைந்திருப்பது ரசம் வடிகட்டியில் புளித்தண்ணீர் போவது போலப் போய்விடும். "செலைட் போட்டாச்சு, பல்லேடியம் போயாச்சு" என்று நோட்புக்கில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

செலைட் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. எம்.எஸ்சி. படிக்கும்போது ஹைட்ரஜனேற்றம் முடித்து, கரிமேல் பல்லேடியத்தை வடிகட்டிக்கொண்டிருந்தேன். கரைப்பான் மெத்தனால். போன் வந்தது என்று இரண்டு நிமிடம் திரும்பினேன். திண்டு காய்ந்துவிட்டது. புக்னர் புனலின் ஓரத்தில் நீலமாக, கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாமல், ஒரு தீ ஓடிக்கொண்டிருந்தது. மெத்தனால் தீ அப்படித்தான், வெளிச்சத்தில் தெரியாது, கை பக்கத்தில் போனால்தான் தெரியும். ஹைட்ரஜன் குடித்த பல்லேடியம், காற்று, மெத்தனால் ஆவி மூன்றும் சேர்ந்தால் தீப்பெட்டி தேவையில்லை. ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து மூடினேன், அணைந்தது. அன்றிலிருந்து நைட்ரஜன் குழாயை மேலே பிடிக்காமல் அதை வடிகட்டியதில்லை. திண்டை ஈரமாகவே தண்ணீரில் போட்டுவிடுவேன். போனை மேசை டிராயரில் வைத்துவிட்டுத்தான் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) பக்கம் போவேன்.

இரண்டாம் நாள் காலம், அதாவது சிலிக்கா நிரப்பிய குழாயில் கரைப்பானை விட்டுப் பொருள்களைப் பிரிப்பது. இங்கேதான் டிபிபிஓ, அதாவது டிரைஃபினைல்பாஸ்பீன் ஆக்சைடு, வந்து நின்றது. கரிம வேதியியல் படித்தவர்கள் எல்லோருக்கும் இதோடு ஒரு பழைய பகை இருக்கும். வெறும் எத்தில் அசிடேட்டில் டி.எல்.சி. ஓட்டினால் என் பொருள் 0.35-இல், இவன் 0.3-இல். அதோடு வால் வேறு. ஐந்து கிராமை மட்டும் எடுத்துக் காலம் போட்டுப் பார்த்தேன். 42 குழாயில் நாலே குழாய் சுத்தம். மற்றதில் எல்லாம் என்.எம்.ஆரில் (மூலக்கூறின் அடையாளத்தைக் காட்டும் கருவி) 7.4-லிருந்து 7.7 வரை டிபிபிஓவின் கூட்டம், பாஸ்பரஸ் என்.எம்.ஆரில் 29 பக்கத்தில் ஒற்றைக் கம்பம். ஒரு முழு நாள், மூன்று லிட்டர் கரைப்பான், நாலு குழாய்.

எங்கள் குரூப் லீடர் துத்தநாகக் குளோரைடு போட்டுப் பார்க்கச் சொன்னார். 2017-இல் வந்த வழி அது. எத்தனாலில் துத்தநாகக் குளோரைடைச் சேர்த்தால் டிபிபிஓ அதோடு ஒட்டி வெள்ளையாகக் கீழே விழும், வடிகட்டிவிடலாம். வேறு வேலைகளில் எனக்கு அருமையாகக் கைகொடுத்திருக்கிறது. 200 மில்லிகிராமில் சோதித்தேன். டிபிபிஓவும் விழுந்தது, என் பொருளும் பாதி விழுந்தது. அமினோபிரிடினில் இருக்கும் நைட்ரஜன் உலோகம் எங்கே என்று கை நீட்டிக்கொண்டே இருக்கிற ஜாதி. துத்தநாகத்தைக் கண்டால் விடுமா? இதை நான் அப்போதே பிடித்துக்கொண்டு யோசித்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். "ஒத்துவரவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

அந்த நைட்ரஜனே இன்னொரு வழியும் கொடுத்தது. பொருளுக்குக் காரத்தன்மை இருக்கிறது, டிபிபிஓவுக்கு நடைமுறையில் இல்லை. எல்லாவற்றையும் டொலுவீனில் கரைத்து, ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இழுத்தால், பொருள் உப்பாகித் தண்ணீருக்கு வந்துவிடும், டிபிபிஓ மேலே டொலுவீனிலேயே தங்கிவிடும். போரானிக் அமிலம் தன்னோடு தானே சேர்ந்து உண்டான டைமெத்தாக்சி பைஃபீனைலும் மேலேயே நிற்கும். இதற்கு டைகுளோரோமீத்தேன் எடுக்காதீர்கள். சில அமீன் உப்புகள் அதிலேயே கரைந்து உட்கார்ந்துகொள்ளும். அமிலத் தண்ணீரை டொலுவீனால் இரண்டு தடவை கழுவி, காரம் சேர்த்து, திரும்ப எத்தில் அசிடேட்டுக்கு எடுத்தேன். டி.எல்.சி.யில் ஒரே ஸ்பாட். பாஸ்பரஸ் என்.எம்.ஆர். வெறும் கோடு. 22 கிராம் பொடி, காலத்தில் போன ஐந்து கிராமையும் சேர்த்து. காலம் போட்டு ஒரு நாள் அழுததை இது இரண்டு மணி நேரத்தில் முடித்தது.

ஆனால் பொடி, நாட்டுச்சர்க்கரை நிறத்தில் இருந்தது. உலோகம் எத்தனை பிபிஎம் என்று அளக்கும் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்பினேன். வெளியே ஒரு இடத்தில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளந்து கொடுப்பார்கள். வந்த எண் 1,900.

நிறம் போனால் பல்லேடியம் போகும் என்று அப்போது நம்பினேன். ஆறு சின்ன வயலில், அதாவது கண்ணாடிக் குப்பியில், அரை கிராம் அரை கிராமாக எடுத்து, மீத்தைல் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. ஒன்றில் ஆக்டிவேட்டட் கரி, ஒன்றில் தயால் (கந்தகம் உள்ள தொகுதி) ஒட்டிய சிலிக்கா, ஒன்றில் டிரைமெர்காப்டோ டிரையசின், ஒன்றை எத்திலீன்டையமின் தண்ணீரிலும், ஒன்றை என்-அசிட்டைல் சிஸ்டீன் தண்ணீரிலும் கழுவினது, ஆறாவது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. ராத்திரி முழுக்க 50 டிகிரியில் சுழலவிட்டேன். எங்கள் பாட்டி வீட்டில் கலங்கல் தண்ணீர் வந்தால் மண்பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ஊற்றி வைப்பார்கள். காலையில் மண் அடியில் படிந்திருக்கும். லேபில் நாங்கள் ஸ்கேவெஞ்சர் என்று கிராம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவதும் அந்த வேலைக்குத்தான்.

காலையில் வடிகட்டி வரிசையாக ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். கரி போட்ட வயல் தண்ணீர் மாதிரித் தெளிவு. தயால் சிலிக்கா வைக்கோல் மஞ்சள். சிஸ்டீன் அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. "அக்கா, கரிதான். இதையே போட்டு முடிச்சிடலாம்" என்றான் தம்பி. நானும் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். அப்புறம் ஏதோ ஒரு சந்தேகத்தில் மூன்றை மட்டும் ஐசிபிக்கு அனுப்பினேன்.

கரி, அந்தத் தெளிந்த நீர், 780. தயால் சிலிக்கா 310. சிஸ்டீன் 420.

கரி எடுத்தது பெரும்பாலும் நிறத்தை. கரிமப் பிசுக்குகள், நீளமான வளையக் கழிவுகள் எல்லாம் அதன்மேல் ஒட்டும், பல்லேடியமும் ஓரளவு ஒட்டும். கண்ணுக்கு நன்றாக இருந்ததுதான் மூன்றிலும் மோசம். ஒரு கிராம் பொருளில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பல்லேடியம் இருப்பதை நிறத்தில் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்ததே அபத்தம். அதோடு கரி பொருளையும் விழுங்கும். அந்த வயலில் போட்ட 500 மில்லிகிராமில் 410 தான் திரும்பி வந்தது.

சாயங்காலம் டீக்கடையில் குரூப் லீடரிடம் எண்களைக் காட்டினேன். அவர் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "இப்ப பல்லேடியத்தை யார் பிடிச்சு வெச்சிருக்கா?"

"சார்?"

"பாஸ்பீன் போயிடுச்சு. டிபிபிஓ போயிடுச்சு. அப்ப பல்லேடியம் கரைசல்ல தனியாவா நிக்குது? யாரோ பிடிச்சிருக்கணும்ல?"

பொருள்தான். வேறு யார். அமினோபிரிடினின் நைட்ரஜன் பல்லேடியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பல்லேடியம் நான்கு கை உள்ள ஆள், நம் பொருளோ 22 கிராம் நிற்கிறது, தயால் கொஞ்சம்தான். எண்ணிக்கையிலேயே தயால் தோற்றுவிடுகிறது. அமிலத்துக்கு இழுத்தபோதும் பல்லேடியம் குளோரைடோடு சேர்ந்து தண்ணீருக்கு வந்து, காரம் சேர்த்ததும் திரும்பப் பொருளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. துத்தநாகம் போட்டபோது பொருளும் கூடவே விழுந்ததே, அதிலேயே எல்லாம் இருந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது: பொருளின் கையைக் கட்டிவிட்டுப் பிடுங்க வேண்டும். நைட்ரஜன்மேல் ஒரு புரோட்டானை உட்கார வைத்துவிட்டால் அதற்கு உலோகத்தைப் பிடிக்க ஜோடி எலக்ட்ரான் மிச்சமிருக்காது. அதாவது, அமிலத் தண்ணீரில் இருக்கும்போதே கந்தகத்தைக் காட்ட வேண்டும். தயால் அமிலத்திலும் பல்லேடியத்தைப் பிடிக்கும், அதற்கு அந்தக் கவலை இல்லை.

என்-அசிட்டைல் சிஸ்டீனை எங்கள் லேபில் நாக் என்போம். சளி கரைய, தண்ணீரில் போட்டுக் குடிக்கிற மாத்திரையாகக் கடையில் கிடைக்கிற அதே சாமான். பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனவர்களுக்கு மாற்று மருந்தும் அதுதான். இந்த வேலைக்கு அதன் அழகு எங்கே என்றால், அதில் ஒரு அமிலத் தொகுதி இருக்கிறது. காரம் சேர்த்ததும் அது உப்பாகித் தண்ணீரிலேயே நின்றுவிடும், பிடித்த பல்லேடியத்தோடு. பொருளோ அப்போது மேலே ஏறிவிடும். இரண்டும் எதிரெதிர் திசையில் நடக்கும்.

வயல்களில் போனதையும் திரும்பச் சேர்த்து, ஏறக்குறைய 22 கிராமையும் 300 மி.லி. ஒரு நார்மல் அமிலத்தில் கரைத்தேன். தேயிலைத் தண்ணீர் நிறம். இரண்டு கிராம் நாக் போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறியது, பழுப்பு போய் ஒரு ஆரஞ்சு மஞ்சள். 55 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஆறவைத்து, டொலுவீனால் ஒரு கழுவு, அப்புறம் பொட்டாசியம் கார்பனேட். இங்கே அவசரப்பட்டேன். அத்தனை அமிலத்தில் கார்பனேட்டைக் கரண்டி கரண்டியாகப் போட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். பால் பொங்குகிற மாதிரி பீக்கரின் விளிம்புக்கு வந்து, கொஞ்சம் ஹூட் தரையில் வழிந்தது. துடைத்துக் கசக்கி எடுத்தேன், ஒரு கிராம் போயிருக்கும். மெதுவாகப் போட்டு, பி.எச். 9 வந்ததும் மீத்தைல் டெட்ராஹைட்ரோஃபியூரானால் மூன்று தடவை இழுத்தேன்.

செபரேட்டரி ஃபனலில் பார்த்த அந்தக் காட்சியைத் தம்பி போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். கீழே தண்ணீர் அடுக்கு நல்ல ஆரஞ்சு நிறம், மேலே கரைப்பான் அடுக்கு லேசான மஞ்சள். போன தடவை இதே கட்டத்தில் நிறம் முழுக்க மேலே இருந்தது. நிறத்தை நம்பக்கூடாது என்று இப்போதுதான் சூடு பட்டவள், ஆனாலும் மனசுக்குள் ஒரு துள்ளல்.

எண் 85. அந்தக் கரைசலில் தயால் சிலிக்கா நாலு கிராம் போட்டு ராத்திரி முழுக்க 50 டிகிரியில் வைத்து வடிகட்டி, ஐசோபுரோப்பனாலில் படிகமாக்கினேன். எண் 4. பொருள் 19.6 கிராம், 71 சதவீதம். தயால் சிலிக்காவை முதல் வயலில் போட்டபோது தோற்றதும் இதே பாட்டில்தான். பெரிய கூட்டத்தை நாக் விரட்டினபிறகு மிச்சமிருந்த கொஞ்சத்தைத் தேடிப்பிடிக்க அதற்குத் தெம்பு இருந்தது. கையில் மட்டும் இரண்டு நாளைக்கு அழுகிய முட்டை வாடை. அறைத்தோழி சோப்பை மாற்றச் சொன்னாள்.

எல்லா உலோகத்துக்கும் நாக் வேண்டியதில்லை. செம்பு என்றால் அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும் கலந்த தண்ணீர் போதும். கீழே மயில்கழுத்து நீலம் வரும், நீலம் வராத வரைக்கும் கழுவிக்கொண்டே இருக்கலாம். அளவுகோல் கண்ணிலேயே தெரியும் ஒரே வேலை அது. தகரம் என்றால் பொட்டாசியம் ஃபுளூரைடு. குரப்ஸ் கேட்டலிஸ்டின் ருத்தேனியம் தார் மாதிரி, அதைப் பற்றி எழுத இன்னொரு ஒன்பது நாள் வேண்டும்.

வாடிக்கையாளரிடமிருந்து நன்றி மெயில் வந்தது. இரண்டாவது வரியில் இதையே 200 கிராம் வேண்டும் என்று இருந்தது.

இந்தத் தடவை புது பாட்டில், நான் நேரில் பார்த்து மஞ்சள் என்று உறுதி செய்தது, மூடியில் திறந்த தேதி. கரைப்பானில் நைட்ரஜனை முக்கால் மணி நேரம் விட்டோம். சோதனைக்கு ஒவ்வொரு கிராமில் கேட்டலிஸ்ட் 2, 1, 0.5 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே போனோம். அரை சதவீதத்திலும் ராத்திரிக்குள் முடிந்தது. ஐந்து சதவீதம் போட்ட கை! நாக் கழுவு இரண்டு தடவையிலேயே 7 வந்துவிட்டது, தயால் சிலிக்கா செலவே இல்லை.

ஒழுங்கான பிள்ளை என்பதால் தம்பி கேட்டலிஸ்ட் இல்லாமலும் ஒன்று போட்டு வைத்திருந்தான். மறுநாள் அதன் டி.எல்.சி.யைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பொருள் ஸ்பாட், மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல். எச்.பி.எல்.சி. கருவியில் அளந்தால் எட்டு சதவீதம்.

"அக்கா, பல்லேடியமே போடல. சத்தியமா."

ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. உள்ளே காந்தக் குச்சி சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் காந்தக் கம்பியால் வெளியே எடுத்துத் துடைத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய டெஃப்லான் சாம்பல் நிறத்தில் இருந்தது, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. முதல் தடவை 25 கிராம் ரியாக்‌ஷனில் ராத்திரி முழுக்கச் சுற்றினது. அசிட்டோனில் கழுவி டப்பாவில் போட்டது நான்தான்.

இராஜ திராவகத்தில் ஊறப்போட்டால் கொஞ்சம் வெளுக்கும் என்றார் குரூப் லீடர். வெளுத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. பல்லேடியம் கழிவு டப்பாவில், அந்தக் கறுத்த செலைட்டுக்கு மேலே போட்டேன். தம்பி குச்சி டப்பா முழுவதையும் மேசைமேல் கொட்டி, வெள்ளை ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்தான். சாம்பல் பக்கம் இருபத்தி மூன்று.